மாசி இருபதும் மூன்றாம் நோன்பும்

அய்யா உண்டு



மாங்காட்டில் நம் நிழல்தாங்கலில் பணிவிடை செய்யும் அடியேன், மளிகைக் கடை வைத்துப் பிழைப்பவன். படிப்பு பத்தாம் வகுப்பு வரைதான். ஏடு வாசிக்கத் தெரியும், கடைக் கணக்கு எழுதத் தெரியும். தத்துவம் பேசும் தகுதி எனக்கில்லை. ஆனால் சென்ற ஆண்டு அய்யா அவதாரத் திருநாளன்று என் மனத்தில் ஒரு கேள்வி விழுந்தது. ஓராண்டாக அது என்னை விடவில்லை. தாங்கல் பெரியவர்களிடம் சொன்னபோது, "எழுதும், எல்லாரும் யோசிக்கட்டும்" என்றார்கள். அதனால் எழுதத் துணிந்தேன்.

கேள்வி இதுதான். நமக்குத் திருநாளாக இருக்கும் ஒரு நாள் பக்கத்து வீட்டாருக்கு வேறொரு நாளாக இருக்கிறது. அவர்களுக்கும் அன்று ஒரு விரதம், ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. நம் நாளின் பெயரால் அவர்களிடம் நாம் எதைக் கேட்கலாம்? அவர்கள் நாளுக்காக நாம் எதைக் கொடுக்க வேண்டும்?

ஒரு தாளில் பல நாள்

காலையில் கடை திறந்ததும் நான் செய்யும் முதல் வேலை, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழிப்பது. உள்ளங்கை அகலத் தாள்தான். அதில் ஆங்கிலத் தேதி பெரிதாக இருக்கும். அதன் அருகே தமிழ் மாதமும் தேதியும், பிறகு திதி, நட்சத்திரம், ராகு காலம். ஓர் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஹிஜ்ரி மாதத்தின் தேதியும் இருக்கும்.

முப்பது ஆண்டு அந்தத் தாளைக் கிழித்திருக்கிறேன். அந்த ஓரத்து எழுத்தை வியாபாரத்துக்காக மட்டுமே பார்த்திருக்கிறேன். ரமலான் வருகிறது என்றால் பேரீச்சம்பழமும் சேமியாவும் கூடுதலாக எடுக்க வேண்டும். பொங்கலுக்கு வெல்லம், ஆயுத பூஜைக்குப் பொரி, கார்த்திகைக்கு எண்ணெயும் திரியும். மாங்காடு காமாட்சியம்மனுக்கு ஆறு வாரம் வேண்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு எலுமிச்சம்பழம். ஊரின் பக்தியெல்லாம் எனக்குச் சரக்காகத்தான் தெரிந்தது.

2025ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. கொல்லம் ஆண்டு 1200, மாசி 20. கொல்லம் 1008இல் அய்யா வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலில் அவதரித்த நாளை 193ஆம் முறையாக நாம் கொண்டாடிய நாள். அதே நாள் ரமலான் மாதத்தின் மூன்றாம் நோன்பு. மறுநாள் கிறிஸ்தவர்களுக்குச் சாம்பல் புதன், அவர்களின் தவக்காலத் தொடக்கம். மூன்று கூட்டத்தாரும் ஒரே வாரத்தில் உடம்பை அடக்கி மனத்தைக் கடவுளிடம் வைத்த காலம் அது. எனக்கு அது தெரியாது. ஓரத்தில் இருந்ததை நான் வாசிக்கவில்லை.

அன்று நடந்தது

நம் தாங்கலில் ஒவ்வோர் ஆண்டும் மின்விளக்கும் ஒலிபெருக்கியும் கட்டித் தருபவர் ஒரு இஸ்லாமிய அன்பர். நான் அவரைப் 'பாய்' என்பேன், அவர் என்னை 'அண்ணாச்சி' என்பார். காலை ஆறு மணிக்கே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மாசி வெயில் நமக்குத் தெரியும். தெரு முழுக்கச் சீரியல் விளக்கு கட்டி, கம்பத்தில் ஏறி இறங்கி, சட்டை நனைந்துபோயிற்று.

உச்சிப்படிப்பு முடிந்து உண்பான் சோறு பரிமாறினோம். ஆண், பெண், ஏழை, பணக்காரன் என்று பாராமல் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். நான் அவரைக் கூப்பிட்டேன். "இருக்கட்டும் அண்ணாச்சி" என்றார். மறுபடியும் கூப்பிட்டேன். சிரித்தார். மூன்றாம் முறை கூப்பிட்டபோது, பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர், "அய்யா சோறு வேண்டாம்னு சொல்றவருக்கு அய்யா வேலை மட்டும் எதுக்கு? அடுத்த வருஷம் வேற ஆளப் பாத்துக்கலாம்" என்றார்.

அந்தச் சொல் என் மனத்திலும் ஏறியது. மறைக்க வேண்டாம், எனக்குக் கோபம் வந்தது. ஏணியடியில் போய் நின்று, "என்ன பாய், எங்க சோறு இறங்காதா?" என்று கொஞ்சம் உரக்கவே கேட்டேன்.

அவர் இறங்கி வந்தார். "நோன்பு அண்ணாச்சி. மூணாவது நோன்பு. தண்ணி கூடக் கிடையாது" என்றார். குரலில் வருத்தம் இல்லை. வந்த வேலையின் பாதியில் நின்றவர் போல மறுபடி ஏணியில் ஏறிவிட்டார்.

காலை நாலே முக்காலிலிருந்து ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் ஒரு மனிதர் நம் அய்யாவின் தெருவுக்கு விளக்குக் கட்டியிருக்கிறார். நான் அவரைப் பலர் முன்னால் அதட்டியிருக்கிறேன்.

பரிகாரம் செய்வதாக நினைத்து ஒரு தூக்குச்சட்டியில் சோற்றை எடுத்து மூடி வைத்தேன். மாலை ஆறே காலுக்குப் பொழுது சாயும் நேரத்தில் அவரிடம் நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. "தப்பா நினைக்காதீங்க. பணிவிடையில வச்சது நாங்க எடுத்துக்கிறதில்ல. கடையில இருந்து ரெண்டு பேரீச்சம்பழம் குடுங்க, இங்கயே தொறக்கிறேன்" என்றார். நான் கடையைத் திறந்து பேரீச்சம்பழமும் ஒரு சொம்பு தண்ணீரும் கொடுத்தேன். என் கடைப்படியில் உட்கார்ந்து நோன்பு திறந்தார். தாங்கலில் விளக்கெல்லாம் எரியத் தொடங்கியது.

அதட்டியது என் தவறு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரண்டாவது மறுப்பு மனத்தில் முள்ளாகத் தங்கியது. நோன்பு முடிந்த பிறகும் ஏன் வாங்கவில்லை? அது அய்யாவை மறுத்ததாகாதா?

நாளை எண்ணுவது எப்படி

இதைப் புரிந்துகொள்ள முதலில் அவர்கள் நாளைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. பாயிடமும் கேட்டேன், நூலகத்திலும் படித்தேன்.

நமக்கு நாள் பிறப்பது சூரியன் உதிக்கும்போது. ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவில். இஸ்லாமியருக்கு சூரியன் மறையும்போது. அன்று மாலை என் கடைப்படியில் அவர் தண்ணீர் குடித்த நேரத்தில் எனக்கு மாசி இருபதே நடந்துகொண்டிருந்தது. அவருக்கோ மூன்றாம் நாள் முடிந்து நான்காம் நாள் பிறந்துவிட்டது. ஒரே படியில் இருவருக்கும் வேறு வேறு நாள்.

நம் ஆண்டு சூரியனின் ஆண்டு. அதனால் மாசி இருபது எப்போதும் மார்ச் 3 அல்லது 4ஆம் தேதியில் வந்துவிடும். அவர்கள் ஆண்டு சந்திரனின் ஆண்டு. பிறை பார்த்து மாதம் தொடங்கும். மாதத்துக்கு 29 நாளோ 30 நாளோதான். ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள். அச்சிட்ட காலண்டர் எதைச் சொன்னாலும், பிறை தெரிந்ததாகத் தலைமை காஜி அறிவித்தால்தான் நோன்பு. இதனால் ரமலான் மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வருகிறது.

சந்திரனைப் பார்த்து மாதம் எண்ணும் மற்றவர்கள் இப்படி நகரவிடுவதில்லை. யூதர்கள் 19 ஆண்டுக்குள் ஏழு மாதங்களைக் கூட்டித் தங்கள் பாஸ்கா பண்டிகையை வசந்தத்திலேயே நிறுத்துகிறார்கள். உகாதி கொண்டாடும் நம் தெலுங்கு அன்பர்களும் அதிக மாதம் சேர்த்துச் சரிசெய்கிறார்கள். கிறிஸ்தவர்களின் ஈஸ்டர், மார்ச் 21ஐ ஒட்டியோ அதன் பின்போ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு. அரேபியாவிலும் இஸ்லாத்துக்கு முன்பு மாதங்களைத் தள்ளிப்போடும் வழக்கம் இருந்ததாம். குர்ஆன் அதை விலக்கியது. நபிகள் நாயகம் மக்காவிலிருந்து மதீனா போன 622ஆம் ஆண்டை முதலாண்டாகக் கொண்டு, பிறகு கலீபா உமர் காலத்தில் ஆண்டுக் கணக்கு ஏற்பட்டது.

இதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. நோன்பு ஒரே பருவத்தில் நின்றுவிட்டால், ஒரு நாட்டாருக்கு அது எப்போதும் குளிர்காலத்துக் குறும்பகலாக இருக்கும், இன்னொரு நாட்டாருக்கு எப்போதும் கோடையின் நெடும்பகலாக இருக்கும். நகர்ந்துகொண்டே இருப்பதால் எளிதும் கடினமும் எல்லோருக்கும் பங்காகிறது. சுமையை ஒருவர் தலையிலேயே வைக்காத கணக்கு அது. சமத்துவம் கேட்டுப் பிறந்த வழியில் வந்த நமக்கு இந்த நியாயம் எளிதில் விளங்கும்.

அவதாரத் திருநாளும் நோன்பும் சேர்ந்து வருவது அடிக்கடி நடப்பதில்லை. 1993, 1994 ஆண்டுகளில் சேர்ந்து வந்தன. அப்போது நான் ஊரில் வாலிபன். நாகர்கோவில் நாகராஜா கோவில் திடலிலிருந்து சாமிதோப்புக்குச் செல்லும் ஊர்வலத்தில் தலைப்பாகை கட்டிக் காவிக்கொடி பிடித்து நடந்தேன். வழியில் எத்தனை பேர் நோன்போடு கடை வாசலில் நின்றிருப்பார்கள்! அதை நான் நினைத்தும் பார்க்கவில்லை.

ஒத்திருப்பவை

நாள் வேறானாலும் நடப்பு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதைப் பாருங்கள்.

சாமிதோப்புத் தலைமைப்பதியில் தை, வைகாசி, ஆவணி மாதங்களில் கொடியேற்றித் திருவிழா தொடங்குகிறோம். நாகூர் தர்காவில் கந்தூரி விழாவும் கொடியேற்றத்தோடுதான் தொடங்குகிறது. அங்குள்ள ஐந்து மினாராக்களில் உயரமானதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். கார்த்திகையில் நாம் பதினேழு நாள் திருஏடு வாசிக்கிறோம். தக்கலையில், பீர் முகம்மது அப்பா தர்காவில் ஆண்டு விழா இரவில் அவர் தமிழில் பாடிய ஞானப்புகழ்ச்சியை ஒன்றுகூடிப் பாடுகிறார்கள். தஞ்சாவூர் அருகே காசவளநாடு புதூரில் மொகரத்தை இந்துக்களே தங்கள் ஊர்த் திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள்.

அய்யா சாமிதோப்பில் ஆறு ஆண்டு தவமிருந்தார். வாகைப்பதியில் எழுநூறு குடும்பங்கள் உணவைச் சுருக்கி, உடம்பையும் உடையையும் தூய்மையாக்கித் துவையல் தவசு செய்தார்கள். உடம்பை அடக்கினால் மனம் நிமிரும் என்று அறிந்தவர்கள் நாம். நோன்பின் அர்த்தம் நமக்கு அந்நியமல்ல. பெருநாள் தொழுகைக்கு முன்பே ஏழைக்குத் தானியமோ அதன் விலையோ போய்ச் சேரவேண்டும் என்று அவர்களுக்குக் கட்டளை இருக்கிறது. ஏழை வீட்டில் உலை கொதிக்காமல் பணக்காரர் பெருநாள் கொண்டாடக் கூடாது என்பதே அதன் கருத்து. நம் அன்னதர்மமும் அதே கருத்தில் எழுந்ததுதானே?

ஒவ்வாதவை

ஆனால் "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லிக் கேள்வியை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. எல்லாம் ஒன்றானால் அவர் ஏன் தூக்குச்சட்டியை வாங்கவில்லை?

தாங்கலில் இதைப் பேசியபோது ஒரு தம்பி நல்ல கேள்வி கேட்டார். "பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சி குடுத்தா நாம வாங்கிக் குடிக்கிறோம். அவங்க நம்ம இனிமத்தத் தொடமாட்டாங்க. இது என்ன நியாயம்?"

உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அன்று இரவு என் தாயாரின் நினைவு வந்தது.

எங்கள் ஊரில் பங்குனியில் ஒரு கொடை நடக்கும். கிடாவும் கோழியும் பலியிடுவார்கள். உயிர்ப்பலியும் காணிக்கையும் வேண்டாம் என்ற அய்யாவின் போதனையை ஏற்ற குடும்பம் எங்களுடையது. பக்கத்து வீட்டு அத்தை படையல் சோற்றை இலையில் வைத்து ஆசையோடு கொண்டுவருவார். அம்மா வாங்கமாட்டார். "மைனி, ஒன்ன வேண்டாம்னு சொல்லல்ல. அய்யாவுக்குக் குடுத்த வாக்கு" என்பார். ஒரு வருஷம் அந்த அத்தைக்கு மனம் நொந்துவிட்டது. "எங்க சாமி சோறு ஒனக்கு விஷமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மா அன்று முழுதும் அழுதார். ஆனாலும் வாங்கவில்லை.

"எங்க சோறு இறங்காதா?" என்று நான் பாயிடம் கேட்டதும் "எங்க சாமி சோறு ஒனக்கு விஷமா?" என்று அத்தை கேட்டதும் ஒரே சொல். நாற்பது ஆண்டுக்கு முன் என் தாயை அழவைத்த கேள்வியை நானே இன்னொருவரிடம் கேட்டிருக்கிறேன். அம்மா மறுத்தது பக்தி என்றால், பாய் மறுத்தது எப்படி அவமதிப்பாகும்? அம்மா தன் வாக்கைக் காத்தார். பாயும் தன் வாக்கைக் காத்தார்.

விலக்கப்பட்டவரும் விலகி நிற்பவரும்

தம்பியின் கேள்விக்கு இப்போது என் பதில் இதுதான்.

அய்யா எல்லோரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்தார். முத்திரிக்கிணற்றில் எல்லோரையும் ஒரே தண்ணீரில் குளிக்கச் செய்தார். ஏன்? அன்றைய திருவிதாங்கூரில் நம் முன்னோரைக் கிணற்றிலிருந்தும் கோவிலிலிருந்தும் தெருவிலிருந்தும் பிறர் விரட்டினார்கள். வர விரும்பியவரை வரவிடவில்லை. அந்தக் கொடுமையை உடைப்பதற்காக வந்தது சமபந்தி. விரட்டப்பட்டவருக்காக அது திறந்த கதவு.

தன் கடவுளுக்குக் கொடுத்த வாக்கால் தானே விலகி நிற்பவரின் நிலை வேறு. அவரை யாரும் விரட்டவில்லை, அவரும் நம்மை விரட்டவில்லை. காலையிலிருந்து நம்மோடு வேலை செய்தார், நம் தெருவில் நின்றார், என் கடைப்படியில் உட்கார்ந்தார். திறந்த கதவு என்றால் அதன் வழியே ஒருவரைக் கழுத்தைப் பிடித்து இழுத்துவரலாம் என்று பொருளாகாது. அப்படி இழுத்தால் அன்று நம் முன்னோரைத் தடுத்த கையும் இன்று இழுக்கும் நம் கையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டுமே அடுத்தவரின் மானத்தை மதிக்காதவை. தலைப்பாகை கட்டி நாம் பணிவிடைக்கு நிற்பது மானத்தின் அடையாளம். மானத்தின் அருமை நமக்குத் தெரியாதா?

"நாம் கஞ்சி குடிக்கிறோம், அவர்கள் இனிமம் எடுப்பதில்லை" என்பது பற்று வரவுக் கணக்கு. கடையில் அந்தக் கணக்கு எழுதித்தான் ஆகவேண்டும். தர்மத்தில் எழுதினால் தர்மம் வியாபாரமாகிவிடும். கீழே கிடப்பவரைத் தாங்கிக் காப்பதே தர்மம் என்று அய்யா நமக்குப் போதித்தார். அன்று பகலில் அந்தத் தெருவில் யார் மிகவும் களைத்திருந்தார்? வயிறார உண்ட நானா, ஏணியில் நின்ற அவரா? நம் திருநாளின் தகுதியை அவர் நம் சோற்றை வாங்குவதை வைத்து அளக்கக் கூடாது. அவரை நாம் எப்படி நடத்தினோம் என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

இந்த ஆண்டு

2026ஆம் ஆண்டிலும் மாசி 20, அதாவது மார்ச் 4 புதன்கிழமை, நோன்பு மாதத்துக்குள்ளேயே வருகிறது. தாங்கலில் கூடிப் பேசி நான்கு முடிவுகள் எடுத்திருக்கிறோம்.

விளக்குக் கட்டும் வேலையை முந்தின நாள் பொழுது சாய்ந்தபின் செய்துகொள்ளச் சொல்லிவிட்டோம். வெயிலில் வேண்டாம்.

அவர் கூலியைக் கேட்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும்.

நோன்பு திறக்கும் நேரத்தில் அரைமணி நேரம் தெருக் கம்பத்து ஒலிபெருக்கியை நிறுத்திவைக்கிறோம். உகப்படிப்பு அதன் நேரத்தில் வழக்கம்போல் நடக்கும், நம் தொண்டையால் படிப்போம். இதற்கு ஒரு பெரியவர் மறுப்புச் சொன்னார். "இன்னைக்கு இதை நிறுத்துவோம், நாளைக்கு எதை நிறுத்தச் சொல்வாங்களோ" என்றார். அவர் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் யாரும் நம்மிடம் கேட்கவில்லை. கேட்டபின் கொடுத்தால் அது ஒப்பந்தம். கேளாமல் செய்வதுதான் தர்மம். படிப்பு குறையவில்லை, பணிவிடை குறையவில்லை. குறைவது சத்தம் மட்டும். கடைசியில் அந்தப் பெரியவரே, "சரி, நானே நின்னு சுவிச்சை அணைக்கிறேன்" என்று ஏற்றுக்கொண்டார்.

நான்காவது முடிவு எங்கள் ஊர் அத்தை கற்றுக்கொடுத்தது. அம்மா அழுததற்கு அடுத்த கொடையில் அவர் மறுபடி வந்தார். இந்த முறை இலையில் சோறு இல்லை, ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. "படைக்கதுக்கு முன்னாலேயே ஒனக்குன்னு எடுத்து வச்சேன் மைனி" என்றார். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அத்தை தன் சாமியை விடவில்லை, அம்மா தன் வாக்கை விடவில்லை. இருவருக்கும் நடுவில் ஒரு சீப்புப் பழம் போய் வந்தது. அவர்கள் சாகும்வரை அது நிற்கவில்லை.

இந்த ஆண்டு பணிவிடைக்குப் பழம் எடுத்துவைக்கும் முன்பே, ஒரு கூடை பழமும் பேரீச்சம்பழமும் தனியாக எடுத்து என் கடையில் வைக்கப் போகிறோம். மாலையில் அது பாய் வீட்டுக்கும் அந்தத் தெருவில் நோன்பிருக்கும் மற்ற வீடுகளுக்கும் போகும். சென்ற ஆண்டு கோபப்பட்ட அந்த இளைஞரே கூடையைத் தூக்கிவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

2027லும் மாசி இருபது நோன்புக்குள் வரும். அதன்பின் ரமலான் விலகிப் போய்விடும். மறுபடி இரண்டும் சேர 2050களின் கடைசி ஆகும். அப்போது நான் இருப்பேனோ இல்லையோ. இன்று தாங்கலில் இனிமத் தட்டு ஏந்தும் பிள்ளைகள் அன்று பணிவிடை நடத்தும் பெரியவர்களாக இருப்பார்கள். காலண்டர் தாளின் ஓரத்தையும் வாசிக்க அவர்களுக்கு இப்போதே பழக்கிவிடுவோம்.

அய்யா எல்லோருக்கும் நல்ல புத்தி தந்து காத்தருள்வாராக.

அய்யா உண்டு.